விசாரிக்க வந்தவள்

"உங்களுக்குக் குடிப்பழக்கம் உண்டா?" என்ற கேள்விக்கு "இருந்தது" என்று தன் கையாலேயே எழுதிக்கொடுத்த ஆளைப் பிரபாவதி அதுவரை பார்த்ததில்லை.

அவள் மாவட்டத் தனிப்பிரிவில் சப்-இன்ஸ்பெக்டர். காக்கி போடாத போலீஸ். அரசாங்க வேலைக்குத் தேர்வானவர்கள் யோக்கியர்கள்தானா என்று அவரவர் தெருவுக்கே போய் விசாரித்து எழுதுவது அவள் பிழைப்பு. எத்தனையோ பேருடைய படிவங்கள் அவள் கையில் புரண்டிருக்கின்றன. ஊரறிந்த மொடாக்குடியன் கூட அந்தக் கட்டத்தில் "இல்லை" என்றுதான் வாய் கூசாமல், இல்லை, கை கூசாமல் எழுதியிருப்பான். இந்தத் திருத்தணிக்காரன், இளம்பரிதி என்கிறவன், "இருந்தது. அதனால் ஒரு வேலையை இழந்தேன். சிகிச்சை எடுத்துக்கொண்டு நிறுத்திவிட்டேன்" என்று எழுதியிருந்தான்.

அவன் தேறியிருந்தது சாதாரண வேலைக்கு இல்லை. ராணுவத்துக்குக் கருவிகள் செய்து கொடுக்கும் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியன். ரகசியமான வரைபடங்கள் புழங்குகிற இடம். பாதுகாப்பு அனுமதி கிடைத்தால்தான் வாசல் கதவே திறக்கும். கிடைக்காவிட்டால் பரீட்சையில் எத்தனை மார்க் வாங்கியிருந்தாலும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அவளுடைய மேலதிகாரி இன்ஸ்பெக்டர் ஹேமநாதன் இதைப் பற்றி ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுவார். "குடிச்சவனையெல்லாம் ஒதுக்குனா நாட்டுல வேலைக்கு ஆளே கெடைக்காதும்மா. குடிச்சத மறைக்கிறான் பாரு, அவன்தான் ஆபத்து. மறைக்க ஒன்னு வச்சிருக்கறவன எவன் வேணா மெரட்டி ரகசியக் காகிதத்த வாங்கிடுவான்" என்பார். நல்ல பேச்சுதான். ஆனால் மறைக்காத ஒருவனும் இதுவரை அவர்கள் கையில் சிக்கியதில்லை. அதனால்தான் பிரபாவதிக்குக் குறுகுறுவென்றிருந்தது. இவன் நிஜமாகவே யோக்கியனா, இல்லை யோக்கியன் வேஷம் போடத் தெரிந்த கெட்டிக்காரனா?

செவ்வாய்க்கிழமை கிளம்பினாள். வேலை முடிந்ததும் மலையேறி முருகனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு நல்ல புடவையாக எடுத்துக் கட்டியிருந்தாள். அடிவாரத்திலேயே தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, பூ எல்லாம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். மொட்டைத் தலைகளும் சந்தனமுமாக நெரிந்த கடைவீதியைத் தாண்டி, இளம்பரிதி குடியிருந்த தெருவுக்குள் அப்படியே நுழைந்தாள். பையில் இருந்து வெற்றிலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. தெரு கவனித்தது.

முதலில் தாயாரம்மாள் இட்லிக் கடை. அடுப்பில் ஈடு வெந்துகொண்டிருந்தது.

"இங்க இளம்பரிதின்னு ஒரு பையன். அவர பத்தி விசாரிக்க வந்திருக்கேங்க" என்றாள் பிரபாவதி.

விசாரிக்க என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் கோணிக்கொண்டது. போலீஸும் விசாரிக்கும், பெண் கொடுக்க நினைப்பவர்களும் விசாரிப்பார்கள். கேள்விகளும் ஒன்றேதான்: பையன் எப்படி, குடும்பம் எப்படி, சேர்க்கை எப்படி, கெட்ட பழக்கம் உண்டா? தாயாரம்மாள் புடவையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"வாம்மா, குந்தும்மா. நம்ம மணியம்மை புள்ளயா? தங்கமான புள்ள. தல நிமிந்து நடக்காது."

"பழக்கவழக்கம்?"

"பழக்கமா! சோடா குடிச்சாக்கூட காரம்னு துப்பிடும்மா அது. எங்கன்னா எழுதி வச்சுக்கோ."

பிரபாவதி உள்ளுக்குள் நிமிர்ந்தாள். குடித்தேன் என்று அவனே எழுதியிருக்கிறான். இந்தம்மாள் சோடாவுக்கே சத்தியம் பண்ணுகிறாள்.

எதிரே டூவீலர் மெக்கானிக் கடை. சந்திரமோகன் கையில் கரியோடு எழுந்து நின்றான். கண்கள் சிவந்திருந்தன. பகல் பதினோரு மணிக்கே அவன் வாயிலிருந்து வந்த வாசனையைத் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை.

"இளம்பரிதியா? ஆங், நம்ம தம்பிதாங்க. கூடப் பொறக்காத கொற ஒன்னுதான். தண்ணியா? சேச்சே. நானே ரெண்டு மூணு தபா கூப்ட்டுக் கீறேன், வரமாட்டான். கோயில், வூடு, வூடு, கோயில். கண்ண மூடிகினு குடுக்கலாம்."

கண்ணை மூடிக்கொண்டு எதைக் கொடுக்கச் சொல்கிறான் என்று பிரபாவதிக்கு அப்போது உறைக்கவில்லை. வேலையைச் சொல்கிறான் என்றே நினைத்தாள். ஆனால் ஆச்சரியம் கூடிக்கொண்டே போனது. ஒருவனைக் காப்பாற்றத் தெரு பொய் சொல்வது புதிதில்லை. அவனே ஒப்புக்கொண்டதைத் தெரு மறுப்பதைத்தான் அவள் கண்டதில்லை. இப்படி ஊரே ஒரே பாட்டைப் பாடினால், பாட்டை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்த ஆள் யார்? அவனேதானோ? அப்படியென்றால் படிவத்தில் ஏன் நிஜத்தை எழுதினான்?

இந்தக் குழப்பத்தோடு தெருமுனை வரை போனவளை, "அம்மா, ஒரு நிமிஷம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் நிறுத்தியது. சந்திரமோகன் மனைவி மோகனப்ரியா. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போவது போல வந்திருந்தாள்.

"நான் சொன்னேன்னு யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா இந்தத் தெருவுல என்னால குடியிருக்க முடியாது" என்றாள். "நீங்க பொண்ணுக்கு இன்னா ஆவணும்? அத்தையா?"

பிரபாவதிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. வெற்றிலை பாக்கு, புடவை, தங்கமான புள்ள, கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். அடக் கடவுளே என்று நினைத்துக்கொண்டாள். இல்லைம்மா, நான் போலீஸ் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மோகனப்ரியா கொட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்குப் பாக்க வந்தப்போ எங்க சித்தப்பா இதே தெருவுலதான் விசாரிச்சாரு. இதே பேச்சத்தான் பேசுனாங்க. தங்கமான புள்ளன்னாங்க. நீங்களே பாத்தீங்கள்ள, கடையில நிக்குதே, அதான் அந்தத் தங்கம்." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "இளம்பரிதி நல்ல பையன்தான், அத நான் இல்லேன்னு சொல்லல. ஆனா மின்னாடி குடிச்சான். ஆஸ்பத்திரியில வச்சு நிறுத்துனாங்க. இப்ப ஆடிக் கிருத்திகை அன்னிக்கு மறுபடியும் குடிச்சான். எங்க வூட்டுக்காரர் கூடத்தான், எங்க வூட்டு மாடியிலதான். பொண்ணு தெரிஞ்சுகினு வரட்டும். தெரியாம வரக் கூடாது."

சொல்லி முடித்ததும் காலிக் குடத்தோடு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

பிரபாவதி கணக்குப் போட்டாள். படிவம் எழுதியது சித்திரையில். ஆடிக் கிருத்திகை அதற்குப் பிறகு. ஆக "நிறுத்திவிட்டேன்" என்று எழுதிக்கொடுத்தவன் அதற்கப்புறம் குடித்திருக்கிறான், யாரிடமும் மூச்சு விடவில்லை. இப்போது விஷயம் குடி இல்லை. மறைத்தானா, மறைப்பானா என்பதுதான். நேரே போய் அடையாள அட்டையை நீட்டிக் கேட்டால் பயத்தில் நிஜமும் வரலாம், பயத்தில் பொய்யும் வரலாம். பெண் வீட்டுக்காரி கேட்டால்? சொல்லாவிட்டால் அவனுக்கு ஒரு கல்யாணம் லாபம். சொன்னால் நஷ்டம். சொல்கிறானா பார்ப்போமே.

இது முறையில்லை என்று அவளுக்கே தெரியும். யோக்கியதையைச் சோதிக்கப் போகிறவள் வேஷம் கட்டலாமா? கட்டவில்லையே, அவர்களாகத்தானே நினைத்துக்கொண்டார்கள் என்று தனக்குத் தானே பூசி மெழுகிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், தெரிந்துகொள்ளும் ஆசை அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது.

இளம்பரிதியின் தாய் மணியம்மை வாசலிலேயே காத்திருந்தாள். சேதி பிரபாவதிக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. கூடத்தில் புதுப் பாய், தட்டில் மிக்சர், இரண்டு வாழைப்பழம். விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றிக் காய்த்துப் போன கைகளால் பிரபாவதியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க, வாங்க. மின்கூட்டியே ஒரு போன் போட்ருந்தா நல்லா செஞ்சிருப்பேனே. நீங்க பள்ளிப்பட்டு பக்கமா? மேட்ரிமோனியில பாத்தீங்களா?"

"ஆங்… விசாரிக்கலாம்னு வந்தேங்க" என்றாள் பிரபாவதி. பொய்யில்லைதான். ஆனாலும் அந்தக் கைகளின் சூடு அவளைக் குத்தியது.

இளம்பரிதி உள்ளேயிருந்து வந்தான். அவசரமாகப் போட்ட சட்டை, சீவாத தலை. முப்பது வயதிருக்கும். கும்பிட்டுவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தான்.

"வேல ஒன்னு கெடச்சிருக்குதுங்க, சென்ட்ரல் கவர்மென்ட்டு. ஆர்டர் வர வேண்டியதுதான் பாக்கி" என்று மணியம்மை ஆரம்பித்தாள். "அவங்க நைனா போனதுல இருந்து எனக்கு எல்லாம் இவன்தான். ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. தெருவுல யார வேணா கேளுங்க."

"கேட்டேங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்ற பிரபாவதி அவன் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீங்க சொல்லுங்க. பழக்கம் ஏதாவது?"

"அதான் சொன்னனே, ஒன்னும் கெடையாது" என்றாள் மணியம்மை.

"இரும்மா" என்றான் அவன். பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இருந்துச்சுங்க. கம்பெனியில நைட் ஷிப்ட் பாத்தப்போ ஆரம்பிச்சது. அப்புறம் ஷிப்டுக்கே குடிச்சிட்டுப் போய் வேல போச்சு. எங்க அம்மாவ ஒரு தபா தள்ளிகூட உட்டிருக்கேன். அப்பால ட்ரீட்மென்ட் எடுத்து நிறுத்துனேன்."

"அதெல்லாம் பழைய கதங்க. முடிஞ்சு போச்சு" என்றாள் தாய். முகம் வெளிறிவிட்டது.

"முடியல" என்றான். "இந்த ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்தேன். அதுவரைக்கும் ஒரு சொட்டு தொடாம இருந்தா காவடி எடுக்கறேன்னு வேண்டிக்கினு இருந்தேங்க. மலையில காவடிய எறக்குனதும் மனசு இன்னா சொல்லுச்சு தெரியுமா? வேண்டுதல் தீந்துச்சு, இனிமே நீ யாருக்கும் கடன் இல்லேன்னு சொல்லுச்சு. சாமிக்குக் குடுத்த வாக்குதான் என்ன அதுவரைக்கும் கட்டி வச்சிருந்துச்சு. வாக்க நெறவேத்தின அன்னிக்கே கட்டு அவுந்து போச்சு. சாயங்காலமே குடிச்சேன்."

மணியம்மை வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு இது தெரியாது.

"அடுத்த நாளே ட்ரீட்மென்ட் குடுத்தவங்ககிட்ட போய்ச் சொல்லிட்டேன். இப்ப வாராவாரம் போறேன். ஆனா வேலைக்கு எழுதிக் குடுத்ததுல நிறுத்திட்டேன்னு இருக்குது. எழுதும்போது நெஜம்தாங்க. அப்பால பொய்யாயிடுச்சு. அத்த யார்கிட்ட போய்ச் சொல்றதுன்னும் தெரியல, சொல்ல தைரியமும் வரல. விசாரிக்க வருவாங்க, வந்தா சொல்லிடலாம்னு இருக்கேன். சொன்னா வேல போனாலும் போயிடும்." நிமிர்ந்து பார்த்தான். "அதனால வேலய நம்பி பொண்ணு குடுக்காதீங்க."

பிரபாவதி எத்தனையோ வருஷமாக எத்தனையோ பேரைக் குறுக்கும் நெடுக்கும் கேள்வி கேட்டு ஒரு நிஜத்தைப் பிடுங்கியிருக்கிறாள். தன் நஷ்டத்தைத் தானே எடுத்து இலையில் வைத்துப் பரிமாறிய ஒருவனை இன்றுதான் பார்க்கிறாள். அதுவும் திருட்டுத்தனமாகப் பார்க்கிறாள். வெட்கமாகத்தான் இருந்தது.

அடையாள அட்டையை எடுத்துப் பாயின் மேல் வைத்தாள்.

"தம்பி, நான் பொண்ணு வீடு இல்ல. போலீஸ். அந்த விசாரணைக்கு வந்தவ நான்தான்."

அவன் அட்டையை எடுத்துப் படித்தான். திருப்பி வைத்தான். முகம் இறுகியது.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம்."

"சொல்லியிருக்கணும். தப்புதான்."

"சொல்லியிருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பேன்."

"இருக்கலாம். ஆனா நான் நம்பியிருக்க மாட்டேன்."

மணியம்மைக்குப் போலீஸ் என்பது காதில் விழுந்ததோ என்னவோ. "அப்ப பொண்ணு?" என்று கேட்டாள்.

"பொண்ணு இல்லீங்கம்மா."

அந்தம்மாள் மிக்சர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திடீரென்று பயம் பிடித்துக்கொண்டது. "ஐயோ, நான் சொன்னத எழுதிட்டியாம்மா? கெட்ட பழக்கம் இல்லேன்னு சொன்னனே, அது பொய்ம்மா. நான் சொன்ன பொய்க்கு அவன் வேலய கெடுத்துடாத. குடிச்சான். என் புள்ள குடிச்சான். நான்தான் கதவ சாத்திகினு யாருக்கும் தெரியாம பாத்துகினேன். ஜுரம்னு சொன்னேன், ஊருக்குப் போயிருக்கான்னு சொன்னேன், எல்லாம் நான்தான் சொன்னேன்." இத்தனை வருஷம் கதவைச் சாத்தியவள் இப்போது கதவு திறந்திருப்பதையே மறந்து கத்தினாள். இளம்பரிதி எழுந்துபோய் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். இருவரும் அழுதார்கள்.

பிரபாவதி பொய் நம்பிக்கை எதுவும் கொடுக்கவில்லை. "குடிச்சத எழுதுவேன். நான் யாருன்னு தெரியறதுக்கு முன்னாடியே நீயா சொன்னதையும் எழுதுவேன். முடிவு என் கையில இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

வெளியே வந்தால் தாயாரம்மாள் மூச்சிரைக்க நிற்கிறாள். தெருவில் எது ஒளியும்? "அம்மா, நீ போலீசாமே. நான் சொன்னது கல்யாணத்துக்கும்மா. போலீசுக்குன்னா அது வேற. அத அடிச்சிட்டு வேற எழுதிக்கோ. குடிக்கும், ஆனா மொடாக்குடி இல்லேன்னு போட்டுக்கோ" என்று பேரம் பேசினாள். சந்திரமோகன் கடையில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கீழே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. மோகனப்ரியாவைக் காணவில்லை. அன்று பிரபாவதி மலையேறவில்லை. தேங்காய் பழத்தை அடிவாரத்துப் பிள்ளையாரிடமே வைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

அறிக்கையைப் படித்த ஹேமநாதன் கண்ணாடியைக் கழற்றினார். அவரும் கெட்டவர் இல்லை.

"ஏம்மா, அக்கம்பக்கம் அத்தனை பேரும் நல்லவன்னு சொல்லியிருக்காங்க. அத எழுதி முடிச்சுட்டுப் போயேன். ஆடிக் கிருத்திகைய எதுக்கு இழுக்கற? பாவம், பையன் பொழச்சுப் போகட்டும்."

"எடுத்துடலாம் சார். ஆனா அவன் சொல்லிட்டான். நான் மறைச்சேன்னா, எழுதிக் குடுத்த அந்தக் காகிதத்துல அவன்தான் பொய் சொன்னவனா நிப்பான். நாளைக்கு எவனாவது அத வச்சு அவன மெரட்டலாம். நீங்கதானே சார் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வீங்க?"

ஹேமநாதன் முகத்தைச் சுளித்தார். தன் பேச்சையே தனக்குத் திருப்பிக் கொடுத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள் லேசில் விடவில்லை. அவனைக் கூப்பிட்டு டாக்டர் முன்னால் உட்கார வைத்தார்கள், சிகிச்சை கொடுத்தவர்களிடம் பேசினார்கள், காவடிக் கதையை இரண்டு முறை கேட்டார்கள். இழுத்தடித்து, மார்கழி பாதியில்தான் அனுமதி வந்தது. அதுவும் ஒரு வருஷத்துக்கு மட்டும். டாக்டரிடம் ஒழுங்காகப் போக வேண்டும், மறுபடி தொட்டால் தானே வந்து சொல்ல வேண்டும். இது கருணை இல்லை; சொல்லத் தெரிந்தவன் என்று நம்பிக் கொடுத்த தவணை.

வேலையில் சேர்ந்த அன்று சாயங்காலம் அவன் போன் செய்தான். நன்றி சொன்னான். அம்மா நன்றாக இருக்கிறாள், இப்போது யாராவது கேட்டால் அவளே முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள், அதனால் வந்த இரண்டு வரனும் ஓடிவிட்டது என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"மேடம், ஒன்னு கேக்கணும். ரொம்ப நாளா மனச அரிக்குது. நான் வாயத் தொறக்கறதுக்கு மின்னாடியே உங்களுக்குத் தெரியுமா? எங்க தெருவுல யாராச்சும் கிருத்திகை கதைய சொல்லிட்டாங்களா?"

காலிக் குடத்தோடு திரும்பிப் பார்க்காமல் நடந்துபோன ஒருத்தியின் முதுகு பிரபாவதியின் கண்முன் நின்றது. அவள் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறாள், அதே வீட்டில், அதே ஆளோடு.

"இல்லியே, யாரும் சொல்லலப்பா" என்றாள். "நீயாத்தான் சொன்ன."

அந்தப் பக்கம் அவன் நீளமாக மூச்சு விட்டது கேட்டது. அவன் நம்பிவிட்டான்.